உன் அம்மாவின் நாற்காலிக்கு ஆள் கிடைத்த கதை

மரிக்கினா,
தவக்காலம், செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள மகள் மரிவிக்குக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசி வரி வரை நீ பதறிக்கொண்டே படிப்பாய். அம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது உனக்கே தெரியும். நீயும் மாப்பிள்ளை ஆர்னெலும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். போனில் பேசுவதை விட்டுவிட்டு இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தை எடுத்தான் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டதும் உன் அம்மா போனைப் பறித்துக்கொண்டு திரைக்குள்ளேயே நுழைந்துவிடுகிறாள், எனக்குத் தெரிவதெல்லாம் அவள் கொண்டை மட்டும்தான். அவள் காதில் விழாமல் உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜோவித்தா டீச்சரின் தங்கை மகள் சனிக்கிழமை உங்கள் ஊருக்குத் திரும்புகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் கூடவே கருவாடும் வருகிறது, அதை அம்மா கொடுத்தாள் என்று சொல்லிக்கொள், காகிதத்தைப் பற்றி மூச்சு விடாதே.

போன மாதம் நீ கோபத்தில், "அம்மாவுக்கு என்னைவிடப் பாகற்கொடிதான் பெருசு"ன்னு சொல்லிப் போனை வைத்தாயே, அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவள் என்னைப் பார்த்து, "சிக்னல் போச்சு" என்றாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டாள். ஒரு குவளைத் தண்ணீரை வீணாக்கினால் என்னைப் பிடித்துத் திட்டுகிறவள், இந்தக் கோடையில் குழாயை அப்படி ஓட விட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாதா. நான் வெளியே நின்று, "கால் வலிக்குதா"ன்னு கேட்டேன். "ஆமா, வலிக்குது, போங்க"ன்னு சொன்னாள். மகளே, முன்பு அந்த முதல் பிள்ளை தங்காமல் போனபோது நீ ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தாயே, அதை அவள் இன்னும் இறக்கி வைக்கவில்லை. சோறு வடிக்கும்போது, துணி காயப்போடும்போது, சம்பந்தமே இல்லாமல், "அப்ப எம் புள்ள கையை யாரு புடிச்சிருப்பா?"ன்னு கேட்பாள். நான் நர்ஸ் பிடித்திருப்பாள் என்பேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். அதனால் இந்த முறை வர மனசில்லாமல் அவள் பேச்சை மாற்றுகிறாள் என்று மட்டும் நினைக்காதே. விசா இரண்டு பேருக்கும் கிடைத்த அன்றே பெட்டியை இறக்கித் தூசி தட்டிவிட்டாள். பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் அந்தத் தோட்டம் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நீ போனபோது பாயாபாஸ் தெருக் கோடியில் ஆற்று வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய சேறும் குப்பையும் மேடாகக் கிடந்ததே, அந்த இடத்தை நீ இப்போது பார்த்தால் நம்ப மாட்டாய். கத்தரி, வெண்டை, காராமணி, வள்ளைக்கீரை, பந்தல் நிறையப் பாகல். உன் அம்மாதான் முதல் கூடை சேற்றை அள்ளினாள், பிறகு தெருவே வந்தது. லாப நோக்கமில்லாத சங்கமாக முறைப்படி பதிவு செய்தார்கள். விளைவதில் முதல் பங்கு சனிக்கிழமைதோறும் சிற்றாலயத்தில் பிள்ளைகளுக்குக் காய்ச்சும் கஞ்சிக்கு, அடுத்தது வேலை செய்தவர்களுக்கு, மீந்தால்தான் விற்பனை. ஒருவருக்கும் சம்பளம் இல்லை. தலைவியான உன் அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி சம்பளமாகக் கிடைத்தது. நிலம் வெர்காரா வீட்டுக்காரர்களுடையது. "பச்சையா இருக்குற வரைக்கும் வெச்சுக்கோங்க, காஞ்சு கெடந்தா நாங்க லாரி நிறுத்திக்குவோம்"னு சொல்லித்தான் கொடுத்தார்கள். ஈஸ்டர் முடிந்ததும் அவர்கள் மகன் வந்து பார்க்கப்போகிறான். நீ பிள்ளை பெறும் காலமும், இங்கே ஒரு சொட்டு மழை இல்லாத காலமும், அவன் வந்து பார்க்கும் காலமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

அதுதான் அத்தனை பேர் சங்கத்தில் இருக்கிறார்களே, ஆளுக்கு ஒரு வாளி ஊற்ற மாட்டார்களா என்று கேட்பாய். அங்கேதான் இருக்கிறது வேடிக்கை. நம் ஆட்களை உனக்குத் தெரியும், ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவருக்குப் பதவி கொடுத்தால் விடப்பட்டவருக்கு முகம் வாடிவிடும். அதனால் உன் அம்மா எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டாள். துணைத் தலைவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் எதற்கு என்று அவருக்கே தெரியாது. கணக்குப் பார்க்க ஒருவர், அவர் கணக்கைப் பார்க்க ஒருவர், கூட்டத்தில் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவலர், அவர்தான் அதிகம் சத்தம் போடுவார். எதிர்வீட்டுப் பாசிங் அக்கா எழுபதைத் தாண்டியவர், அவர்தான் சங்கத்தின் அழகு ராணி. சிரிக்காதே, சங்கம் என்று இருந்தால் அழகு ராணி இல்லாமல் நம் ஊரில் நடக்குமா. பல்லக்கில் எல்லாரும் ஏறிக்கொண்டால் தூக்குவது யார் என்பார்கள், இங்கே தூக்கியவள் உன் அம்மா ஒருத்திதான்.

பதவி கொடுக்கும் வழக்கத்தையும் நீ மறந்திருக்க மாட்டாய். கூட்டத்தில் இருப்பவனைக் கேட்டால் ஐயோ நான் எதற்கு என்பான், அதற்கு மேல் வற்புறுத்தினால் மரியாதை இல்லை. வராதவன் பேரைச் சொன்னால் மறுக்க ஆள் இல்லை, பிறகு வந்து மறுத்தால் கை தூக்கியவர்களை அவமதித்ததாகிவிடும். அப்படித்தான் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நெஸ்தோர் ஒதுங்கப் போய்விட்டு வருவதற்குள் தண்ணீர்ப் பொறுப்புக்கான துணைத் தலைவர் ஆனார். பாசிங் அக்கா பல் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு திரும்பி வந்து பார்த்தால் அழகு ராணி ஆகியிருந்தார்.

போன கோடையில் சித்தியின் கண் ஆபரேஷனுக்கு உன் அம்மா இலோயிலோ போனாளே, அப்போது என்ன ஆயிற்று தெரியுமா. கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தண்ணீர் ஊற்றுவீர்களா என்று கேட்டாள். எல்லாரும், "கவலப்படாதீங்க அக்கா, நாங்க இருக்கோம்ல"ன்னார்கள். நம் ஊரில் மூத்தவர் கேட்டு யார் முடியாது என்று சொல்வார்கள், அந்தச் சரிக்கு அர்த்தம் சரி என்று உன் அம்மா ஒருத்திதான் நம்பினாள். நெஸ்தோர் தினமும் காலையில் வந்து குழாயைப் பார்த்து, குழாய் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதிகாரி என்றால் மேற்பார்வைதானே. வாளியைத் தூக்குவது வேறு யாரோ அதிகாரியின் வேலை என்று எல்லாரும் நினைத்தார்கள். என்னைக் கேட்காதே, நான் அதிகாரியும் இல்லை, வெறும் கணவன். அவள் திரும்பி வந்தபோது கீரைப் பாத்தி அப்பளம் போல நொறுங்கியது. அந்தச் சனிக்கிழமை பிள்ளைகள் வெறும் கஞ்சி குடித்தார்கள். அவள் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அன்றிலிருந்து ஒரு நாள்கூட ஊரை விட்டு நகரவும் இல்லை.

இந்த வருஷம் உனக்காக நகரத் துணிந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தார்ப்பாய்க்கு அடியில் எல்லாரையும் உட்கார வைத்து, பன்சித் நூடுல்ஸும் வைத்து, "எம் பொண்ணுக்கு மே மாசம் பிரசவம், நாலஞ்சு மாசம் நான் அங்க இருக்கணும், தலைமைக்கு வேற ஆளைப் போட்டுடுங்க"ன்னாள். எல்லாரும் நூடுல்ஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். நீங்கள் உயிரோடு கல் மாதிரி இருக்கும்போது உங்கள் இடத்துக்கு நாங்கள் வருவதா, தெரு என்ன சொல்லும், காலை வாரிவிட்டார்கள் என்று சொல்லாதா. நெஸ்தோர் நெஞ்சில் கை வைத்து, "அக்கா, உங்க நாற்காலில நான் உட்கார்ந்தா எங்கம்மா கல்லறைலேர்ந்து எழுந்து வந்து செருப்பால அடிப்பா"ன்னார். ஜோவித்தா டீச்சர் செயலாளர், எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டு அழவே தொடங்கிவிட்டார். அவர்கள் சோம்பேறித்தனத்தில் மறுக்கவில்லை மகளே, அதுதான் கஷ்டம். அவள்மேல் இருக்கிற மரியாதையில் மறுத்தார்கள். அந்த மரியாதை அவளை அங்கேயே கட்டிப் போட்டது.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றி வைத்தாள். பிறகு, "நான் போகல. நீங்க மட்டும் போயிட்டு வாங்க"ன்னாள். பிரசவத்துக்கு நான் போய் என்ன செய்வது, எனக்குத் தெரிந்த தொழில் என்று ஜீப்னி வண்டி ஓட்டிக் காட்டுவதா என்று கேட்டேன். சிரிக்கவில்லை. நம் வீட்டில் என் வேடிக்கைக்கு அவள் சிரிக்காத நாள் என்றால் அது நல்ல நாள் இல்லை. அன்று இரவு அவளும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிட்ட மாதிரி பாவனை செய்தேன்.

அடுத்த ஞாயிறு மறுபடி கூட்டம். வெயில் மண்டையைப் பிளந்தது. கலமன்சி எலுமிச்சையில் ஜூஸ் கலந்து வைத்துவிட்டு ஐஸ் இல்லை என்று என்னை விரட்டினார்கள், பாசிங் அக்கா வேறு, "பொண்டாட்டிதாசரே, சீக்கிரம் வாங்க, தொண்ட வறண்டு அழகு கொறையுது"ன்னு பின்னாலிருந்து கத்தினார். நான் தெரு முனைக் கடையில் ஐஸ் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன், கொஞ்சம் தாமதமாகிவிட்டது, பாதி தண்ணீராகிவிட்டது. உள்ளே நுழைந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். எதற்கு என்று புரியவில்லை, ஐஸுக்குக் கை தட்டுகிறார்களோ என்று பையைத் தூக்கிக் காட்டினேன். நெஸ்தோர் எழுந்து வந்து என் தோளை அமுக்கி உன் அம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். "அண்ணே, இனிமே நீங்கதான் தலைவர். கை எண்ணியாச்சு, டீச்சர் எழுதியாச்சு, மாத்த முடியாது"ன்னார். பார் அவர்கள் புத்தியை. வேறு யாராவது உட்கார்ந்தால் அவளைத் தள்ளிவிட்டதாகும், புருஷன் உட்கார்ந்தால் நாற்காலி வீட்டை விட்டுப் போகவில்லை, யாருக்கும் கெட்ட பேர் இல்லை. நான் கத்தினேன். இது என்ன அநியாயம், ஐஸ் வாங்கப் போன மனுஷன் தலையிலா கட்டுவது, எனக்குப் பெச்சாய் கீரைக்கும் கடுகுக் கீரைக்கும் வித்தியாசம் தெரியாதே என்று கத்தினேன். பாசிங் அக்கா, "தெரியாதவருதான் வேணும், தெரிஞ்சவங்ககிட்ட எங்களுக்கு வேலயே இல்லாமப் போச்சு"ன்னார். எல்லாரும் சிரித்தார்கள். உன் அம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாசிங் அக்கா சொன்னது விளையாட்டுக்கு என்று நினைத்தேன், பார்த்தால் அதுதான் நடக்கிறது. மறுநாளே நான் தக்காளிக்கு உச்சி வெயிலில் குழாயைப் பிடித்தேன். நெஸ்தோர் தன் வீட்டு மாடியிலிருந்து பார்த்துவிட்டுப் பனியனோடு ஓடி வந்து, "யோவ், செடிய வேக வைக்கிறீரா?"ன்னு குழாயைப் பிடுங்கி, அன்று முதல் காலையும் மாலையும் அவரே தண்ணீர் விடுகிறார். இருபது வருஷம் ஊர் நெருப்பை அணைத்த கை, எப்படிப் பூப்போலத் தெளிக்கிறது தெரியுமா. நான் களை என்று நினைத்துப் பிடுங்கியது காராமணி நாற்று, அதற்குப் பிறகு களையெடுக்கும் பக்கமே என்னை டீச்சர் விடுவதில்லை. அழகு ராணி ஸ்டூல் போட்டுப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து புழு பொறுக்குகிறார். என் வேலை வாசலில் நின்று என்ன செய்யலாம் என்று எல்லாரையும் கேட்பது மட்டும்தான். உன் அம்மா வேலிக்கு வெளியே நின்று இதையெல்லாம் பார்க்கிறாள், உள்ளே போகக் கால் துடிக்கும், அடக்கிக்கொள்கிறாள். நேற்றுத்தான் பெட்டியில் குளிர்ச்சட்டையை வைத்தாள்.

ஆக உன் அம்மா வருகிறாள், மகளே. ஈஸ்டர் முடிந்த வாரம் கிளம்புகிறாள். மாப்பிள்ளையிடம் சொல்லி விமான நிலையத்தில் சக்கர நாற்காலி ஏற்பாடு செய், அவள் வேண்டாம் என்பாள், அவளைக் கேட்காதே. காலுறைக்குள் விதை முடிந்து வைத்திருக்கிறாள், நான் எடுத்துவிடுவேன், இன்னொரு இடத்திலும் வைத்திருப்பாள், அங்கே அதிகாரிகள் கேட்டால் நீ தெரியாதது போல் இருந்துகொள். படி ஏறும்போது நீ அவள் கையைப் பிடித்துக்கொள், அவள் உன்னைப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வாள், இரண்டு பேருக்கும் நல்லது. கனமான பையைத் தூக்காதே. ராத்திரி டியூட்டி இனிமேல் வேண்டாம் என்று வேலை இடத்தில் சொல்லிப் பார், கேட்காவிட்டால் அழுது பார். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, நீ குடிப்பாய் என்று எனக்குத் தெரியும். அம்மா உப்பைக் குறைக்கச் சொன்னால் குறைத்துக்கொள், முருங்கைக்கீரை கேட்டால் எங்கிருந்தாவது வாங்கி வந்து கொடு, அங்கே கிடைக்காது என்று வாதாடாதே. பால்கனியில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அன்றைக்கு ஐஸ் கடையில் கூட்டமே இல்லை. நான் சீக்கிரமே திரும்பிவிட்டேன். தகரக் கதவைத் தள்ளப் போகும்போது உள்ளே நெஸ்தோரின் குரல், "ஐஸ் வாங்கப் போன தெயோ அண்ணன் இங்க இல்ல, இல்லாதவரு பேரச் சொல்லலாம்ல"ன்னு. எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து உன் அம்மாவின் குரல் கேட்டது. "வேணாம். அவரு வரட்டும், அவரக் கேட்டுட்டுப் போடுங்க. மொதப் பேரப்புள்ள. வாயால சொல்ல மாட்டாரு, ஆனா அவருக்கும் போகணும்னு இருக்கு"ன்னாள்.

அவள் சொன்னது நிஜம்தான். நீ பிறந்த அன்று வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே ஓடி வந்தேன், கையில் டீசல் நாற்றம் என்று நர்ஸ் உன்னை என்னிடம் தர மாட்டேன் என்றாள். இந்த முறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு முதல் ஆளாக நிற்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். உள்ளே போயிருந்தால் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டிருப்பார்கள். நான் எவ்வளவு நடித்தாலும் என் முகத்தை உன் அம்மா படித்துவிடுவாள், படித்தால் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். கதவுக்கு வெளியே நிற்கும்வரை நான் வராதவன். அதனால் கதவைத் தள்ளவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் நடந்தேன். நெஸ்தோர் எப்படியும் அவளைப் பேசிச் சமாளித்து எல்லாரையும் கை தூக்க வைத்துவிடுவார் என்று தெரியும். ஐஸ் என் காலில் சொட்டிக்கொண்டே வந்தது. பிறகு திரும்பி வந்து கத்தினேன்.

எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், எழுதவில்லை. ஆனால் உன் கையை அவள் பிடித்துக்கொள்வாள். அதை நினைத்தால் மனசு நிறைந்துதான் இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் எந்த நேரமானாலும் கூப்பிடு, இங்கே நடு ராத்திரியாக இருந்தாலும் போன் என் தலையணைக்கு அடியில்தான் இருக்கும், இந்த முறை பறித்துக்கொள்ள ஆள் இருக்காது. நம் வழக்கப்படி ஆசி வாங்க என் கையை எடுத்து உன் நெற்றியில் ஒற்றிக்கொண்டதாக நினைத்துக்கொள், பிள்ளைக்கும் சேர்த்துத்தான். மாதா உங்கள் மூன்று பேரையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. அங்கே வந்த முதல் நாளே உன் அம்மா புலம்புவாள், முனைக் கடைக்கு ஐஸ் வாங்கப் போன மனுஷனுக்கு அவ்வளவு நேரம் என்ன வேலை, சீக்கிரம் வந்து தொலைத்திருந்தால் அவரும் கூட வந்திருக்கலாமே என்று. நீ ஒன்றும் சொல்லாதே. ஆமாம்மா, அப்பா எப்பவுமே அப்படித்தான் லேட்டு என்று மட்டும் சொல்லிவிடு.

என்றும் உன் அப்பா,
தெயோதுலோ
(பாயாபாஸ் தெருத் தோட்டச் சங்கத் தலைவர்)